ஈசி மோடுக்கு ஒரு மொட்டை

தணிகைவேலுக்கு வெளியில் எதிரி யாரும் இல்லை, அவன் வாய்தான் எதிரி. ஸ்ரீ சிட்டியில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் இன்சார்ஜ். திருப்பதியில் அம்மா கமலம்மாவோடு வாடகை வீடு. கம்பெனி பஸ் ஏறிப் போவான், வருவான், குளிப்பான், டிவிக்கு முன்னால் உட்கார்ந்து கன்ட்ரோலரைக் கையில் எடுப்பான். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. விளையாடுகிறவன் விளையாடிவிட்டுப் படுக்க வேண்டியதுதானே? இவன் அதைப் பற்றிச் சிந்திப்பான். சிந்தித்ததை எழுதுவான். எழுதியதை ஊருக்கெல்லாம் அனுப்புவான்.

அனுப்புவதற்கென்றே ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தான். பெயர் 'திருப்பதி ஹார்ட் மோட் வீரர்கள்'. அட்மின் யார்? வேறு யார், ஐயாதான். அதில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் 'கன்ட்ரோலரும் நானும்' என்ற தலைப்பில் நீளநீளமாகப் போடுவான். 'தோற்கத் தெரிந்தவனுக்கே கன்ட்ரோலரைத் தொடும் தகுதி உண்டு' என்று ஒரு வாரம். 'ஈசி மோடில் ஆடுகிறவன், வாழைப்பழத்தை உரித்தது போதாமல் வாயிலும் ஊட்டிவிடச் சொல்கிறவன்' என்று இன்னொரு வாரம். படித்தார்களோ இல்லையோ, எல்லோரும் கை தட்டும் படம் ஒன்றைப் போட்டுவிடுவார்கள்.

எந்த ஆட்டமானாலும் எவ்வளவு கடினமாக ஆடலாம் என்று ஆடுகிறவரே தேர்ந்தெடுக்கலாம். ஹார்ட் என்றால் தொட்டாலே சாவு. ஈசி என்றால் எதிரி தடவிக் கொடுப்பான். குரூப்பில் ஈசி ஆசாமிகளுக்கு இடம் கிடையாது என்று சட்டம் போட்டவன் தணிகைவேல். குடிபாலாவிலிருந்து ஒருவர், "மணிக்கட்டு வலிங்க, அதனால ஈசியில ஆடறேன்" என்று வெகுளியாக எழுதிவிட்டார். "வலி இருந்தா தைலம் தேய்ங்க சார், இங்க எதுக்கு வந்தீங்க?" என்று பதில் போட்டு, அன்றைக்கே அவரைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டான். தூக்கியதைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினான்.

இப்படிப்பட்ட வீரரை ஒரு ராஜா மாசக்கணக்கில் போட்டு மிதித்துக்கொண்டிருந்தான். 'கிரவுன் ஆஃப் வால்கர்' என்று ஒரு ஆட்டம். கடைசியில் வால்கர் என்ற கிழட்டு ராஜாவைக் கொல்ல வேண்டும். தணிகைவேல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போவான், ராஜா ஒரே வெட்டு, இவன் காலி. திரும்பப் போவான், திரும்ப வெட்டு. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் பிரபாகர், குரூப்பில் ஒரு வரிகூடச் சிந்தித்து எழுதாத பிரபாகர், அந்த ராஜாவை ஹார்டில் என்றைக்கோ முடித்துவிட்டு வேறு ஆட்டத்துக்குப் போய்விட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தணிகைவேல் ஆடுகிறான், குரூப்புக்காரர்கள் ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ராஜாவுக்கு உயிர் கொஞ்சம்தான் மிச்சம். இவன் அவசரப்பட்டுக் கிட்டப் போனான். ராஜா ஒரு சுழற்று சுழற்றினான், அவ்வளவுதான், ஆள் அவுட். தணிகைவேலுக்கு அழுகையே வந்துவிட்டது. அழுகிற வாய் சும்மா இருக்குமா?

"ஏழுமலையானே! இந்த வால்கர மட்டும் நான் ஜெயிச்சிட்டா, மலைக்கி வந்து மொட்ட போடறேன், கோவிந்தா!"

"கோவிந்தா! கோவிந்தா!" என்று அத்தனை பேரும் ஹெட்செட்டில் கத்தினார்கள். தணிகைவேலும் சிரித்துவிட்டு அடுத்த முறை சாகப் போனான். ஆனால் காதில் அந்தச் சட்டியை மாட்டிக்கொண்டு பேசுகிறவனுக்குத் தன் குரல் தெருவுக்கே கேட்பது தெரியாது. சமையல்கட்டில் கமலம்மா கை கழுவினாள். மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்தாள். பெருமாள் படத்து ஆணியில் மாட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வால்கர் யாரென்று அவளுக்குத் தெரியாது. கம்பெனியில் பிள்ளையை மேலே வரவிடாமல் அமுக்கும் எவனோ மேனேஜர் என்று எடுத்துக்கொண்டாள். அவன் யாராயிருந்தால் என்ன, மொட்டை மொட்டைதான்.

அடுத்த வாரம் கமலம்மா ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு நகரிக்குப் போயிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. தணிகைவேல் எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டான். ஹெட்செட்டைக் கழற்றி அலமாரிக்குள் வைத்து மூடினான். எதிர்வீட்டுக்காரர் பஞ்சாயத்து ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர், அவருக்கு ஈசியும் தெரியாது ஹார்டும் தெரியாது. இருந்தாலும் திருடனுக்கு ஊரெல்லாம் போலீஸ்தானே. பிறகு ஆட்டத்தின் செட்டிங்கைத் திறந்து ஹார்டிலிருந்து ஈசிக்கு இறக்கினான். 'கதையை மட்டும் ரசிக்க விரும்புகிறீர்களா?' என்று ஆட்டம் மரியாதையாகக் கேட்டது. அந்த மரியாதைதான் அவனைக் கொன்றது. பல்லைக் கடித்துக்கொண்டு 'ஆம்' என்று அமுக்கினான்.

ராஜா நாலு அடியில் விழுந்தான். என்னவோ சொல்ல வாயெடுத்தான். தணிகைவேல் அதைக் கேட்கவில்லை, கதைப் பகுதிகளைத் தள்ளிவிடும் பட்டனை அமுக்கிக்கொண்டே போவது அவன் பழக்கம். 'வெற்றி' என்று டிவியில் எழுத்து வந்ததும் ஒரு ஃபோட்டோ எடுத்தான். எந்த மோட் என்று அந்த ஃபோட்டோவில் எங்கும் இல்லை. அதை இரண்டு தடவை பெரிதாக்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டான்.

வெட்கப்பட்டானா? பட்டான், இல்லை என்று சொல்லக் கூடாது. ஒரு டீ குடிக்கிற நேரம் வெட்கப்பட்டான். அதற்குள் கட்டுரை ஊறிக்கொண்டு வந்துவிட்டது. 'வால்கர் எனக்குக் கற்றுக்கொடுத்தது' என்று தலைப்பு. 'குறுக்கு வழியில் போனவனுக்கு இந்தக் கண்ணீரின் ருசி தெரியாது' என்று அதில் ஒரு வரி. எழுதுகிறபோது நிஜமாகவே அவன் கண் கலங்கிற்று, அந்த அளவுக்கு எழுத்தாளன்.

குரூப்பில் கை தட்டல், பட்டாசு, பூங்கொத்து எல்லாம் வரிசையாக வந்தன. கடைசியாகப் பிரபாகர் அன்றைக்கு ரெக்கார்டு செய்து வைத்திருந்த குரலைப் போட்டான். "மலைக்கி வந்து மொட்ட போடறேன், கோவிந்தா!" அதன் கீழே ஒரே வரி: "அண்ணா, குண்டு எப்போ?"

தெலுங்கில் குண்டு என்றால் மொட்டை. அதைப் பார்த்ததும் தணிகைவேலின் கை தானாகத் தலைக்குப் போயிற்று. அவனுக்கு முடி என்றால் உயிர். கறிவேப்பிலை எண்ணெய் என்ன, அலை அலையாக மேலே தூக்கி வாருவது என்ன, கம்பெனியில் தொப்பி போடச் சொன்னால் எச்.ஆரோடு சண்டை என்ன! அதைவிடப் பெரிய தலைவலி, வரும் ஞாயிறு சித்தூரில் பெண் பார்க்கப் போக வேண்டும்.

பார்த்த இடமெல்லாம் தட்டிப் போய்க்கொண்டிருந்தது. "மாப்பிள்ளைக்கு என்ன பொழுதுபோக்கு?" என்று யாராவது கேட்டுத் தொலைப்பார்கள், இவன் கன்ட்ரோலரின் தத்துவத்தை ஆரம்பிப்பான், பஜ்ஜி ஆறிப்போகும். இந்த இடம் அப்படி இல்லை. மோகனப்ரியா, சித்தூரில் ஒரு பால் கம்பெனி லேபில் கெமிஸ்ட். வீடியோ கேம் ஆடுகிற பையன் என்று சொன்னபோது, "அதனால என்ன, ஆடட்டுமே" என்று சொன்னாளாம். ஃபோட்டோவில் சிரிக்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தணிகைவேல் அந்த ஃபோட்டோவை அடிக்கடி எடுத்துப் பார்த்தான். இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று அவன் மனசார ஆசைப்பட்டான்.

கமலம்மா நகரியிலிருந்து வந்ததும் வராததுமாக, மஞ்சள் முடிச்சைக் கழற்றி அவன் முன்னால் வைத்தாள். பக்கத்து வீட்டுச் சபீனாவின் தம்பி அந்தக் குரூப்பில் இருந்தான், செய்தி மதில் தாண்டி வந்துவிட்டது.

"இன்னாடா, ஜெயிச்சிட்டியாமே?"

"அது சும்மா வெளையாட்டும்மா."

"சாமி கிட்ட இன்னாடா வெளையாட்டு? கெளம்பு, மலைக்கிப் போலாம்."

வேறு வழியில்லை. அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட முடிவு செய்தான். கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தி, "ம்மா, அது ஈசி மோடும்மா. சுலபமா வெச்சிக்கினு ஜெயிச்சேன். அது கணக்குல வராது," என்றான்.

"ஜெயிச்சியா இல்லியா?"

"ஜெயிச்சேன். ஆனா..."

"சாமிக்கி இன்னாடா ஆனா? வேண்டிக்கினு கத்தினியே, அப்ப சொன்னியா ஈசி, கீசின்னு? ஜெயிச்சா மொட்டன்னு சொன்னே. ஜெயிச்சே. வா."

"பொண்ணு பார்த்துட்டு வந்து போட்டுக்கறேம்மா."

"வேண்டுதல பாக்கி வெச்சிக்கினு பொண்ணு பார்க்கப் போனா வெளங்குமாடா? இந்த ஊர்ல மொட்டையப் பார்த்து எவன்டா கேக்கப் போறான்? தெருவுக்கு நாலு மொட்ட நடக்குது."

அவன் வக்கீல் மாதிரி எவ்வளவோ வாதாடிப் பார்த்தான். அம்மாவிடம் ஈசி என்றால், ஈசியானாலும் மொட்டை என்கிறாள். குரூப்பில் ஹார்ட் என்று சொல்லியாயிற்று, அங்கேயும் மொட்டை. தப்பிக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. குரூப்பில் போய், 'நண்பர்களே, நான் ஈசியில்தான் ஜெயித்தேன், ஆகவே என் வேண்டுதல் செல்லாது' என்று ஒரு வரி எழுத வேண்டும். ஒரே வரி. பக்கம் பக்கமாக எழுதியவனுக்கு அந்த ஒரு வரி வரவில்லை. முடியா மானமா என்று பார்த்து, முடி போகட்டும் என்று முடிவு செய்தான். மானம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தது எதுவென்று உங்களுக்கே தெரியும்.

மலையில் மொட்டை போடுகிற இடத்துக்குக் கல்யாண கட்டா என்று பெயர். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருந்த தணிகைவேலுக்கு அந்தப் பெயரைப் படிக்கவே பிடிக்கவில்லை. முறை வந்ததும், அம்மா தள்ளி நிற்கிறாளா என்று பார்த்துக்கொண்டு, கத்திக்காரரிடம் குனிந்து, "அண்ணா, மூடு கத்தெரலு சால்தா?" என்று கேட்டான். மூன்று இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக முடியைக் கத்தரித்துக் கொடுத்துவிட்டுப் போகிற வழக்கம் அது.

கத்திக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "அதி ஆடவாள்ளகி பாபு," என்றார். அதாவது, அது பெண்களுக்குத்தான் தம்பி.

"இங்கயும் ஈசி மோட் தேட்றியா?" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து கமலம்மாவின் குரல் வந்தது. தணிகைவேல் தலையைக் குனிந்தான். தண்ணீர் ஊற்றினார்கள். அலை அலையான முடி மடியில் கொத்துக் கொத்தாக விழுந்தது. மழித்த தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு ஒரு செல்ஃபி எடுத்து, 'சொன்ன சொல் காப்பவனே வீரன்' என்று குரூப்பில் போட்டான். பிரபாகர்கூட ஒரு கும்பிடு போட்டான். அன்றைக்கு முழுக்க அந்தக் கும்பிட்டையே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சித்தூர். பெண்ணின் அப்பா பாலசுந்தரம் வாசலுக்கே வந்து கூட்டிப் போனார். மொட்டையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"மலைக்குப் போய்ட்டு வந்தீங்களா? மஞ்சிதி, மஞ்சிதி, நல்லது. ஏம் மொக்கு பாபு? இன்னா வேண்டுதல்?"

"வேலையில ஒரு முட்டுக்கட்ட இருந்திச்சி. நீங்கிடுச்சி," என்று கமலம்மா முந்திக்கொண்டாள். அவள் அளவுக்கு அது பொய்யும் இல்லை. ஆபீசோ ஆட்டமோ, வழியில் நின்ற ஒரு தடியன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

கேசரி வந்தது, போண்டா வந்தது, மோகனப்ரியாவும் வந்தாள். ஃபோட்டோவில் மாதிரியே நேராகப் பார்த்தாள். பெரியவர்கள் பேசி முடித்து, "புள்ளைங்க ரெண்டு வார்த்த பேசிக்கட்டும்," என்று அவர்களைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். உள்ளே போன தணிகைவேலுக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. டிவிக்குக் கீழே கன்சோல். அதன் மேல் 'கிரவுன் ஆஃப் வால்கர்' டப்பா.

"இது... யாருதுங்க?"

"தம்பி வாங்கினது. அவன் பெங்களூரு போய்ட்டான். இப்போ நான்தான் ஆடறேன்," என்றாள். "நீங்க இத முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சிட்டேங்க," என்றான். சந்தோஷத்தில் குரல் கிறீச்சிட்டது.

"எனக்கு அந்த ராஜாவ நெனச்சா ரொம்ப நாள் மனசே ஆறல. செத்துப்போன பொண்ணோட அறைய அப்படியே வெச்சிருப்பாரு பாருங்க, பொம்ம, செருப்பு எல்லாம். அந்த அறைக்கு யாரும் போயிடக் கூடாதுன்னுதான் வாசல்ல நின்னு எல்லாரையும் வெட்டறாரு. அவரக் கொல்றதுக்கு முன்னாடி நான் ஆட்டத்த நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன்."

தணிகைவேல் திகைத்துப்போனான். எந்தப் பொண்ணு? எந்த அறை? மாசக்கணக்கில் அந்த வாசலிலேயே செத்துக் கிடந்தவனுக்கு, வாசலுக்கு அந்தப் பக்கம் ஒரு அறை இருப்பதே தெரியாது. "ஆமாங்க, பாவம்," என்றான்.

"நான் ஈசியில வெச்சித்தான் முடிச்சேன்," என்றாள் மோகனப்ரியா, ஏதோ சர்க்கரை கம்மியாகப் போட்ட காபியைப் பற்றிச் சொல்வது மாதிரி. "லேப்ல நாள் பூரா நின்னுட்டு வந்து, மறுபடி அடி வாங்க எனக்குத் தெம்பு இல்லீங்க. கத தெரிஞ்சா போதும்."

 இவளிடம் சொல்லிவிடலாம். இந்த உலகத்திலேயே இவள் ஒருத்தியிடம் சொல்லிவிடலாம். 'நானும் ஈசிதாங்க' என்றால் சிரிப்பாள், இவனும் சிரிப்பான், வெளியே போனால் தட்டு மாற்றிக்கொள்ளலாம். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. எத்தனையோ ஞாயிறுகளாக எழுதி எழுதிப் பழகிய வாய், அதை உள்ளே தள்ளிவிட்டுத் தன் வார்த்தையைப் பேசியது.

"ஈசியில முடிச்சதெல்லாம் முடிச்ச கணக்கே இல்லீங்க."

சொன்னது தன் காதில் விழுந்ததும்தான் தணிகைவேலுக்கு உறைத்தது. அடப்பாவி, என்ன பேசிவிட்டாய் என்று உள்ளே ஒருவன் தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் வெளியே இருந்தவன் முகத்தைக் கம்பீரமாக வைத்துக்கொண்டு நின்றான்.

மோகனப்ரியா கோபப்படவில்லை. "அப்படீங்களா? நீங்க எதுல முடிச்சீங்க?"

"ஹார்ட். அதுக்குத்தாங்க இந்த மொட்டையே. சவால் விட்டு ஜெயிச்சேன்."

"ஓ! அப்போ வேலைக்காக இல்லியா?" அவள் ஆர்வமாக நிமிர்ந்தாள். "ஹார்ட்ல முடிவே வேறயாமே? நான் பார்த்ததில்ல, சொல்லுங்களேன். கடைசியில ராஜா என்ன ஆவாரு?"

"என்ன ஆவாரு, செத்துப்போவாரு," என்றான் தணிகைவேல்.

அவள் அவனையே பார்த்தாள். "சாக மாட்டாருங்க. ஹார்ட்ல அவரு கிரீடத்தக் கழட்டிக் குடுத்துட்டு, பொண்ணோட அறைக்குள்ள போய்க் கதவ சாத்திக்குவாராம். என் தம்பி முடிச்சிட்டு போன்ல சொன்னான்." கன்சோல் மேலிருந்த டப்பாவை எடுத்து உள்ளே வைத்தாள். பிறகு, "கேசரி ஆறிடும், வாங்க," என்று எழுந்து போனாள்.

வெளியே அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கமலம்மாவின் காலில் விழுந்து கும்பிட்டாள், வெற்றிலை பாக்கு கொடுத்து அனுப்பினாள். திரும்பி வருகிற பஸ்ஸில் தணிகைவேல் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தான். கமலம்மா தாலிக்கு எத்தனை பவுன் என்று திட்டம் போட்டுக்கொண்டு வந்தாள்.

மறுநாள் சாயங்காலம் பாலசுந்தரத்திடமிருந்து போன் வந்தது. கமலம்மா அடுப்படியிலேயே நின்று, "ஆங், ஆங்" என்று கேட்டுக்கொண்டாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்தே தணிகைவேலுக்குப் புரிந்துவிட்டது.

"வாணாமாம்," என்றாள் போனை வைத்துவிட்டு. "நீ ஆட்டம் ஆட்றதுக்கு இல்லியாம். ஒரு பொய் சொன்னியே, அதுக்குக்கூட இல்லியாம். ஒரு பொய்யக் காப்பாத்த மொட்டையடிச்சிக்கினு வந்து நிக்கிறவரு, நாளைக்கி இன்னொரு பொய்யக் காப்பாத்த யார் தலையில கை வெப்பாரோன்னு பயமா இருக்குதாம் அந்தப் பொண்ணுக்கு."

தணிகைவேல் மொட்டையைத் தடவிக்கொண்டான். அந்தப் பெண் தப்பாகச் சொல்லிவிட்டாள் என்று சொல்ல ஒரு இடம்கூட இல்லை. அழுதுவிடலாம் போல இருந்தது.

"அந்தப் பொண்ணே ஈசின்னு வாயத் தொறந்து சொல்லிச்சாமே," என்றாள் கமலம்மா. கோபத்தைவிட ஆற்றாமைதான் அவள் குரலில் அதிகமாக இருந்தது. "நானும் ஈசிதாம்மான்னு நீ சொல்லியிருந்தா இன்னாடா ஆயிருக்கும்? அந்த ரூம்ல உன்னியும் அவளையும் உட்டா யார்றா இருந்தா?"

"சொல்லியிருந்தா..." தணிகைவேல் இழுத்தான். "எப்பனா ஒருநாள் பிரபாகருக்குத் தெரிஞ்சிருக்கும்மா. அப்பறம் குரூப்புல எப்படிம்மா தலை காட்டுவேன்?"

கமலம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். 

"அப்ப அந்த குரூப்பையே கட்டிக்கினு அழுடா," என்று சொல்லிவிட்டு, பொங்கிக்கொண்டிருந்த பாலை இறக்கப் போனாள்.